நூற்றிருபது தவணை

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகிற சாலையில் ஏறக்குறைய பாதி வழியில் இருக்கிறது மண்டகப்பட்டு. அங்கே ஒரு குன்றின் அடியில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோயில், வாசலின் இரு புறமும் வாயிற்காவலர் சிலைகளோடு, சுமார் 1,400 ஆண்டுகளாக நிற்கிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் என்ற பட்டப்பெயர் கொண்ட அந்த மன்னன் இதைச் செய்வித்தான் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. யார் செய்தது, எவை இல்லாமல் செய்தது, யாருக்காகச் செய்தது என்ற மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும் பிறந்த கதை அது.

இங்கே சொல்லப் போவதும் ஒரு பிறந்த கதைதான். சட்டம் படித்துவிட்டு ஏழைகளுக்காகவும் அரசுக்காகவும் பொது அமைப்புகளுக்காகவும் குறைந்த சம்பளத்தில் வேலை பார்ப்பவர்களின் கல்விக் கடனை, அவர்கள் சார்பில் கல்லூரியோ அரசோ அடைத்துக் கொடுக்கும் ஏற்பாட்டின் கதை. அது அமெரிக்காவில் பிறந்து அரை நூற்றாண்டு ஆகப் போகிறது. மண்டகப்பட்டுச் சாலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தச் சாலையோர ஊர்களில் வழக்கு என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். பட்டா மாறவில்லை. வரப்புத் தகராறு. விட்டுப் போன கணவனிடம் ஜீவனாம்சம் கேட்கும் பெண். கூலி பாக்கி. திருட்டு வழக்கில் பிடித்துப் போன பையனுக்கு ஜாமீன். சாதி சொல்லித் திட்டி அடித்ததற்காக வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் போட்ட புகார். செஞ்சி கோர்ட்டுக்கும் விழுப்புரம் கோர்ட்டுக்கும் வாய்தாவுக்கு வாய்தா நடந்து, அன்றைய கூலியையும் இழந்து வீடு திரும்புகிறவர்கள் இவர்கள். இவர்களுக்கு வக்கீல் வேண்டும். இவர்கள் பேச்சு புரிகிற, இவர்கள் ஊர்க்காரராக இருக்கிற, வாய்தாவுக்குத் தவறாமல் வந்து நிற்கிற வக்கீல் வேண்டும்.

அப்படிப்பட்டவர்கள் உருவாகத் தொடங்கியும் விட்டார்கள். 2017-இல் விழுப்புரத்தில் அரசு சட்டக் கல்லூரி வந்தது. அதற்கு முன் இந்தப் பக்கத்துப் பிள்ளை சட்டம் படிக்க வேண்டுமென்றால் சென்னைக்கோ செங்கல்பட்டுக்கோ வேலூருக்கோ போய் அறை எடுத்துத் தங்க வேண்டும். இப்போது பஸ் பாஸோடு போய்வரலாம். அரசுக் கல்லூரியில் கட்டணமும் குறைவு. ஆனால் அங்கே இடங்கள் வரம்புக்கு உட்பட்டவை. இடம் கிடைக்காதவர்கள் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் தனியார் கல்லூரிகளுக்கும் போகிறார்கள். நுழைவுத் தேர்வில் வென்று தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்தால் பெருமைதான், ஆனால் பல இடங்களில் ஐந்து ஆண்டுச் செலவு பத்து லட்சத்தைத் தாண்டும். விவசாயக் கூலி வீட்டுக்கு வங்கியைத் தவிர வேறு வழி கிடையாது.

படிப்பு முடிந்ததும் பார் கவுன்சிலில் பதிவு, அகில இந்திய பார் தேர்வு, கருப்புக் கோட்டு, கவுன், அப்புறம் ஒரு சீனியரிடம் ஜூனியர். பல அலுவலகங்களில் சீனியர் கொடுப்பது பஸ் செலவுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகும். தவணையோ தேதி தவறாமல் வரும். 4 லட்சம் ரூபாய் கடன், 10 சதவீத வட்டி, பத்தாண்டில் அடைப்பது என்று வைத்துக் கணக்குப் போட்டால் மாதத் தவணை 5,286 ரூபாய். பதினைந்து ஆண்டாக நீட்டினாலும் 4,298 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறிய வட்டியை இதில் சேர்க்கவில்லை.

அந்த ஐயாயிரம் ரூபாய்தான் இந்த இளைஞர் யாருடைய கேஸ் கட்டைக் கையில் எடுப்பார் என்பதை முடிவு செய்கிறது. ஜாமீன் கேட்டு வரும் கூலித் தொழிலாளியின் வழக்கில் பணம் வராது. நிதி நிறுவனத்தின் வசூல் வழக்கில் வரும். மனை விற்பவருக்குப் பத்திரம் பார்த்துக் கொடுத்தால் வரும். சென்னையில் ஒரு கம்பெனியின் ஒப்பந்தங்களைக் கணினியில் சரிபார்க்கும் வேலைக்குப் போனால் மாதாமாதம் வரும். போகிறவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார், வங்கியிலிருந்து போன் வருவது அவருக்குத்தான். ஊருக்கு வக்கீலாக வேண்டும் என்று சட்டம் படிக்கப் போன பிள்ளையை, அந்தப் படிப்புக்காக வாங்கிய கடனே ஊரை விட்டுக் கிளப்பிவிடுகிறது. இதைத்தான் அமெரிக்காவில் சிலர் 1970-களில் கண்டுகொண்டார்கள்.

அங்கே இதற்கு ஒரு முன்கதை உண்டு. கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்ற ஏழை, பிளாரிடாவில் ஒரு திருட்டு வழக்கில் வக்கீல் கேட்டு மறுக்கப்பட்டு, தனக்குத் தானே வாதாடித் தண்டனை பெற்றார். சிறையிலிருந்து பென்சிலால் எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு மனு அனுப்பினார். குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசு செலவில் வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்று 1963-இல் தீர்ப்பு வந்தது. மறு விசாரணையில், வக்கீலோடு நின்ற கிடியன் விடுதலையானார். அடுத்த சில ஆண்டுகளில் வாடகை, உதவித்தொகை, குடும்ப வழக்குகளுக்கும் ஏழைகள் பக்கம் வாதாட அரசுப் பணத்தில் சட்ட உதவி அலுவலகங்கள் திறந்தன. 1974-இல் அதற்கென்றே ஒரு தேசியக் கழகம் சட்டப்படி அமைந்தது. ஆக, வேலை பிறந்துவிட்டது. சம்பளம் மட்டும் ஒல்லியாகவே இருந்தது. அதே காலத்தில் சட்டக் கல்லூரிக் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் பட்டதாரிகள்.

ஹார்வர்ட் சட்டக் கல்லூரி 1978-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. குறைந்த வருமானப் பாதுகாப்புத் திட்டம் என்று பெயர். படித்து முடித்தவர் சம்பளம் குறைந்த சட்டப் பணிக்குப் போனால், தன் வருமானத்துக்கு ஏற்ற பங்கை மட்டும் கடனுக்குக் கட்டினால் போதும். மிச்சத்தைக் கல்லூரி கட்டும். சட்டக் கல்லூரிகளில் இந்த வகையில் முதல் திட்டம் இதுதான் என்று சொல்லப்படுகிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, இது அரசாணையால் பிறக்கவில்லை என்பது. கட்டணம் வாங்கிய கல்லூரியே, அந்தக் கட்டணம் தன் மாணவரை எங்கே தள்ளுகிறது என்று யோசித்து, தன் கையிலிருந்து கொடுத்தது. மற்றக் கல்லூரிகள் பின்னால் ஒவ்வொன்றாக வந்தன. ஆனால் ஹார்வர்டிடம் இருக்கும் பணம் எல்லாக் கல்லூரியிடமும் இருக்காது. ஏழை மாணவர்கள் அதிகம் படிக்கும் சின்னக் கல்லூரிகளுக்கு அந்த வசதி இல்லை. தேவை எங்கே அதிகமோ அங்கே திட்டம் எட்டவில்லை.

இதற்கிடையில் இன்னொரு ஓடை வேறு திசையிலிருந்து வந்துகொண்டிருந்தது. கடனை அசலும் வட்டியுமாக வசூலிக்காமல், பிற்கால வருமானத்தில் ஒரு பங்காக வாங்கலாம் என்று பொருளாதார அறிஞர் மில்டன் பிரீட்மன் 1955-இலேயே எழுதியிருந்தார். யேல் பல்கலைக்கழகம் 1971-இல் அதைச் செய்து பார்த்தது. கடன் வாங்கிய ஒவ்வொரு ஆயிரம் டாலருக்கும் ஆண்டு வருமானத்தில் 0.4 சதவீதம், ஒரே ஆண்டு மாணவர்கள் எல்லோருமாகச் சேர்ந்த கடன் தீரும் வரை, அல்லது 35 ஆண்டு வரை கட்ட வேண்டும். கட்டாதவர் பாரமும் கட்டுகிறவர் தலையில் விழுந்ததால் கசப்பு வளர்ந்தது. 1978-இல் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்தினார்கள், பின்னாளில் மிச்சமிருந்த கடனையும் பல்கலைக்கழகமே தள்ளுபடி செய்தது. அந்தத் திட்டத்தில் கடன் வாங்கிய சட்ட மாணவர்களில் ஒருவர் பில் கிளின்டன். குடியரசுத் தலைவரானதும் 1993-இல் அதே எண்ணத்தை நாட்டளவில் கொண்டுவந்தார்: வருமானத்துக்கு ஏற்பத் தவணை, 25 ஆண்டு கட்டிய பிறகும் மீதி இருந்தால் தள்ளுபடி. ஆஸ்திரேலியா 1989-லேயே வருமானத்தோடு இணைத்து வசூலிக்கும் முறையைத் தொடங்கியிருந்தது.

25 ஆண்டு என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 26 வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் 51 வயது வரை கட்ட வேண்டும். சொந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போகும் வயதிலும் தன் படிப்புக் கடன் முடிந்திருக்காது. போதாததற்குத் தள்ளுபடியான தொகையை வருமானமாகக் கருதி அதற்கு வரியும் இருந்தது. சட்ட மாணவர்கள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

ஏன் திரும்பவில்லை என்று கேட்டு, விடாமல் ஆராய்ந்தவர் பிலிப் ஷ்ராக். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர். இளம் வயதில் கறுப்பின மக்களின் உரிமைக்காக வழக்காடும் அமைப்பில் வக்கீலாக இருந்தவர். அடைக்கலம் தேடி வந்த அகதிகளுக்காக மாணவர்களே வாதாடும் சட்ட உதவி மையத்தைக் கல்லூரியில் நடத்தியவர். அகதிக்காக ஒரு பருவம் முழுக்க உழைத்த மாணவர் படிப்பு முடிந்ததும் அந்த வேலையைத் தொடர முடியுமா, முடியாதா என்பது அவருக்கு வெறும் புள்ளிவிவரம் அல்ல. கிளின்டன் திட்டத்தின் குறைகளைப் பற்றி 2001-இல் நீண்ட ஆய்வுக் கட்டுரை எழுதினார். 2002-இல் அதைப் புத்தகமாக்கினார். திட்டம் இருப்பதே பெரும்பாலான மாணவர்களுக்குத் தெரியாது, தெரிந்தவர்களுக்கும் 25 ஆண்டு என்பது நம்பிக்கை தராத தூரம் என்று காட்டினார். பொதுப் பணி செய்பவர்களுக்காவது அந்தக் காலத்தைக் குறைக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஆசிரியர் ஒருவர் ஒரே விஷயத்தை ஆண்டுக்கணக்கில் பிடித்துக்கொண்டு, வட்டிக் கணக்கை வரிவரியாகப் போட்டுக் காட்டிக்கொண்டே இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

நடந்தது இது. மேரிலாந்திலிருந்து நாடாளுமன்றக் கீழவைக்கு 2006 தேர்தலில் முதல் முறையாக வென்ற ஜான் சார்பேன்ஸ், அவரும் ஹார்வர்டில் சட்டம் படித்தவர், பொதுப் பணிக்குப் போகிறவர்களின் கடனைத் தள்ளுபடி செய்யும் மசோதாவை 2007-இல் கொண்டுவந்தார். அது கல்விச் செலவுக் குறைப்புச் சட்டம் ஒன்றோடு சேர்க்கப்பட்டது. செனட்டில் எட்வர்ட் கென்னடியும் கீழவையில் ஜார்ஜ் மில்லரும் அந்தச் சட்டத்தை முன்னின்று நடத்தினார்கள். 2007 செப்டம்பர் 27 அன்று ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்டார். அரசிலோ, லாப நோக்கமற்ற பொது அமைப்பிலோ முழு நேர வேலை பார்த்துக்கொண்டு, வருமானத்துக்கு ஏற்ற தவணையை 120 மாதம் கட்டினால், மீதிக் கடன் முழுதும் தள்ளுபடி. வரி கிடையாது. 25 ஆண்டு பத்தாண்டாகச் சுருங்கியது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேச்சைத் தொடங்கியவர்கள் சட்ட மாணவர்களும் சட்ட ஆசிரியர்களும். சட்டமாக வந்தபோது அதில் வக்கீல் என்ற சொல்லுக்கு வேலியே போடவில்லை. பள்ளி ஆசிரியர், அரசு மருத்துவமனைச் செவிலியர், சமூகப் பணியாளர், தீயணைப்பு வீரர் எல்லோரும் உள்ளே வந்தார்கள். அதனால்தான் பின்னால் அதை ஒழித்துவிடலாம் என்று பேச்சு வந்தபோதெல்லாம் காப்பாற்ற ஆள் இருந்தது. அடுத்த ஆண்டு, 2008-இல், வழக்கு நடத்தும் அரசு வக்கீலுக்கும் ஏழைகளுக்காக எதிர்வாதம் செய்யும் அரசுப் பாதுகாப்பு வக்கீலுக்கும் சமமாக உதவும் தனிச் சட்டமும் வந்தது. மூன்று ஆண்டு பணியில் இருப்பேன் என்று எழுதிக் கொடுத்தால் ஆண்டுக்கு 10,000 டாலர் வரை, மொத்தம் 60,000 வரை. தென் கரோலைனாவில் அரசு வக்கீலாக இருந்த ஜான் ஆர். ஜஸ்டிஸின் பெயரை அதற்கு வைத்தார்கள். ஒதுக்கிய பணம் குறைவுதான். ஆனாலும் குற்றம் சாட்டும் பக்கமும் காக்கும் பக்கமும் ஒரே நீதிமன்றத்தின் இரண்டு தேவைகள் என்று ஏற்றுக்கொண்டது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

பிறந்தது வளர்ந்ததா? இங்கேதான் கதை கசக்கிறது.

2007 அக்டோபருக்குப் பிறகு கட்டிய தவணைதான் கணக்கில் சேரும். எனவே முதல் தள்ளுபடி 2017 அக்டோபரில்தான் கிடைக்க முடியும். பத்தாண்டு பொறுத்திருந்து மனுப் போட்டார்கள். 2018 நடுவில் எண்ணிப் பார்த்தபோது, மனுச் செய்தவர்கள் சுமார் 28,000 பேர். ஏற்கப்பட்டவர்கள் 96 பேர்.

காரணம் எழுத்தில் இருந்தது. அரசு நேரடியாகக் கொடுத்த கடன் மட்டுமே தகுதி உடையது. ஆனால் 2007-இல் பெரும்பாலான மாணவர்களின் கடன் வங்கி கொடுத்து அரசு உத்தரவாதம் நின்ற வகை. அந்த வகையையே 2010-இல்தான் நிறுத்தினார்கள். தங்கள் கடன் எந்த வகை என்பதே பலருக்குத் தெரியாது. வகை சரியாக இருந்தாலும் தவணைத் திட்டம் தவறாக இருந்தால் கணக்கில் சேராது. அதுவும் சரியாக இருந்தால் வேலை பார்த்த இடம் தகுதி உடையதா என்று கேள்வி வரும். கடனை வசூலிக்கப் பணியமர்த்திய கம்பெனிகளைப் போனில் கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைத்தது. நான் வேலை பார்க்கும் இடம் தகுதி உடையதுதான் என்று ஆண்டுதோறும் சான்று வாங்கி வைக்க ஒரு படிவம்கூட 2012 ஜனவரி வரை கிடையாது. சில அமைப்புகளில் வேலை பார்த்த வக்கீல்களுக்குத் தகுதி உண்டு என்று முதலில் கடிதம் கொடுத்துவிட்டுப் பின்னால் மறுத்தார்கள். அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2016 டிசம்பரில் கல்வித் துறை மீது வழக்குப் போட்டது. 2019 பிப்ரவரியில் தீர்ப்பு பெரும்பாலும் சங்கத்தின் பக்கம் வந்தது. பொதுப் பணிக்காகக் குறைந்த சம்பளத்தில் இருந்த வக்கீல்கள், அந்தப் பணிக்கான சலுகையைப் பெற வழக்காட வேண்டியிருந்தது.

திருத்தம் மெதுவாக வந்தது. தவறான திட்டத்தில் தவணை கட்டியவர்களுக்கென்று 2018-இல் நாடாளுமன்றம் 35 கோடி டாலர் ஒதுக்கியது. அதிலும் மனுக்கள் பெரும்பாலும் நிராகரிக்கப்பட்டன. 2021 அக்டோபரில் ஓராண்டுக்கு விதியைத் தளர்த்தி, எந்த வகைக் கடனானாலும் எந்தத் திட்டமானாலும் கட்டிய பழைய தவணைகளை எண்ணிக்கொள்ளலாம் என்றார்கள். அதற்குப் பிறகுதான் மடை திறந்தது. 2021 தொடக்கத்தில் தள்ளுபடி பெற்றவர்கள் சுமார் 7,000 பேர். 2024 அக்டோபரில் பத்து லட்சம் பேரைத் தாண்டியது. சட்டத்தின் நோக்கம் மாறவே இல்லை. மாறியது மேஜையில் உட்கார்ந்து எண்ணுகிற முறை. 2025 மார்ச்சில் புதிய அரசு, சில வகை அமைப்புகளில் வேலை பார்ப்பவர்களை இந்தச் சலுகையிலிருந்து விலக்க உத்தரவிட்டது. குடியேறிகளுக்காக வாதாடும் அமைப்புகளின் வக்கீல்கள் அதிலிருந்து கவலையில் இருக்கிறார்கள். எது பொதுப் பணி என்று சொல்லும் பேனா யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி அங்கே இன்னும் முடியவில்லை.

இனி நம் பக்கம் வருவோம். இங்கே இந்த ஏற்பாடு முழுதாகப் பிறக்கவில்லை. அதன் கை கால்கள் மட்டும் தனித்தனியாக, ஒன்றையொன்று அறியாமல் பிறந்து கிடக்கின்றன.

ஏழைக்குச் சட்ட உதவி தருவது அரசின் கடமை என்று அரசியல் சாசனத்தில் 39ஏ பிரிவு சேர்ந்தது 1976-இல். அதற்கு முன்பே வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான குழு 1973-இல் இதைப் பற்றி அறிக்கை கொடுத்திருந்தது. 1979-இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில், விசாரணையே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் பீகார் சிறைகளில் கிடந்தவர்களைப் பற்றி நாடு அறிந்தது. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-இல் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. இன்று மாவட்டந்தோறும் ஆணைக்குழு இருக்கிறது. நெடுங்காலம் அது நம்பியிருந்தது பேனல் வக்கீல்களை. வழக்குக்கு இவ்வளவு என்று சிறு தொகை. சொந்த வழக்குகளுக்கு நடுவே இதையும் பார்ப்பார்கள். 2022-இல் தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அதை மாற்றியது. குற்ற வழக்கில் மாட்டிய ஏழைகளுக்காக மாதச் சம்பளத்தில், முழு நேரமாக, தனி வழக்கு எடுக்காமல் வாதாடும் சட்ட உதவிப் பாதுகாப்பு வக்கீல் முறை மாவட்டங்களுக்கு வந்தது. கிடியன் வழக்குக்குப் பிறகு அங்கே பிறந்தது போன்ற ஒரு வேலை இங்கே பிறந்திருக்கிறது.

கல்விக் கடனின் கதை வேறு. இந்திய வங்கிகள் சங்கம் 2001-இல் மாதிரித் திட்டம் வகுத்தது. 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் வேண்டாம் என்பதுதான் அதில் ஏழை வீடுகளுக்குத் திறந்த கதவு. 2009-இல், ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்குப் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்றுக்கொண்டது. படிப்பு முடிந்து ஓராண்டு வரைதான் அது. ஜூனியர் வக்கீலின் கஷ்டம் அந்த ஓராண்டு முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. வருமான வரியில் கல்விக் கடன் வட்டிக்கு விலக்கு உண்டு. வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்காத ஜூனியருக்கு அதனால் ஒரு ரூபாய் பயனும் இல்லை. கேரள அரசு 2017-இல், கட்ட முடியாமல் தவித்தவர்களின் கல்விக் கடனில் ஒரு பங்கைத் தானே கட்டும் திட்டம் கொண்டுவந்தது. நல்ல திட்டம். ஆனால் கடன் வாங்கியவர் எந்த வேலைக்குப் போனார் என்று அது கேட்கவில்லை.

மூன்றாவது, இளம் வக்கீல்களுக்கு உதவித்தொகை. ஆந்திர அரசு 2019 டிசம்பரில் மாதம் 5,000 ரூபாய் என்று தொடங்கியது. தமிழக அரசு 2020-இல் ஏழை வீட்டு இளம் வக்கீல்களுக்கு மாதம் 3,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு என்று தொடங்கியது. 2024 ஜூன் 12 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு, சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் கொடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விடும்படி பார் கவுன்சிலைப் பணித்தது. அடுத்த மாதம், ஜூலை 30 அன்று, பதிவுக் கட்டணமாகப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கும் பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கும் மேல் எந்த மாநில பார் கவுன்சிலும் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில மாநிலங்களில் அது 20,000, 40,000 என்று போயிருந்தது. வாசலிலேயே நிறுத்திவைக்கப்பட்ட முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு அந்த ஒரு தீர்ப்பு செய்த நன்மை பெரிது.

ஆனாலும் பாருங்கள்: 15,000 ரூபாயைக் கொடுக்க வேண்டியவர் சீனியர். செஞ்சியில் ஏழைகள் வழக்கையே நடத்தும் சீனியருக்கு மாதம் அவ்வளவு மிஞ்சுமா? மிஞ்சாது. அப்போது ஜூனியர் யாரிடம் போவார்? கொடுக்க முடிகிறவரிடம் போவார். கொடுக்க முடிகிறவர் பெரும்பாலும் ஏழைகள் வழக்கை நடத்துகிறவராக இருக்க மாட்டார். உதவித்தொகை வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும். ஆனால் கடனைத் தொடாத உதவித்தொகை, வந்த வேகத்தில் வங்கிக்குப் போய்விடும். 3,000 ரூபாய் வந்து 5,286 ரூபாய் போனால் மிச்சம் என்ன என்று கணக்குப் போட வக்கீல் வேண்டியதில்லை.

பெங்களூரில் மாதவ மேனன் தேசியச் சட்டப் பள்ளியைத் தொடங்கியபோது அவர் மனத்தில் இருந்தது சட்ட உதவியும் சமூக நீதியும். 1988-இல் முதல் மாணவர்கள் சேர்ந்தார்கள். அந்த வகைப் பள்ளிகளின் பட்டதாரிகள் பின்னாளில் பெருவாரியாகக் கம்பெனிச் சட்ட நிறுவனங்களுக்குப் போனார்கள். மாணவர்களின் மனம் மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை, கட்டணமும் காரணம். பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-இல் தொடங்கிய இடியா அமைப்பு, ஏழை வீட்டு மாணவர்களை நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்து, படிக்கும் காலத்திலும் தாங்கியது. உள்ளே நுழையும் வாசலை அவர் திறந்தார். வெளியே வரும் வாசலில், கடனோடு நிற்கிறவரின் கையைப் பிடிக்க இன்னும் யாரும் இல்லை. மேனனும் பஷீரும் 2019-இல், சில மாத இடைவெளியில் காலமானார்கள்.

அப்படி நிற்கிறவர்களின் தவணையை நாமே கட்டினால் எவ்வளவு செலவாகும்? ஒரு மாவட்டத்துக்கு ஐந்து பேர் என்று வைத்துக்கொள்வோம். சட்ட உதவிப் பாதுகாப்பு வக்கீலாகவோ, ஆணைக்குழு ஏற்ற பொது அமைப்பில் முழு நேரமாகவோ ஏழைகளுக்கு வாதாடுகிறவர்கள். தமிழ்நாட்டின் 38 மாவட்டத்துக்கு 190 பேர். ஆளுக்கு மாதம் 5,286 ரூபாய் தவணையை முழுதாகவே கட்டினாலும் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் ரூபாய். ஒரு மாநில அரசுக்கு இது பெரிய தொகை அல்ல. அரசு தொடங்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். ஹார்வர்ட் காத்திருக்கவில்லை. 1891-இல் பிறந்த சென்னைச் சட்டக் கல்லூரியில் படித்து உயர் நீதிமன்ற நீதிபதிகளாகவும் மூத்த வழக்கறிஞர்களாகவும் ஆனவர்கள் எத்தனை பேர்! விழுப்புரம் கல்லூரிக்கு இன்னும் அப்படிப்பட்ட பழைய மாணவர்கள் இல்லை, அதன் முதல் மாணவர்களே இப்போதுதான் ஜூனியர்கள். முதல் நிதி சென்னையிலிருந்து விழுப்புரத்துக்கு வரலாம்.

அப்படி வருமானால், அமெரிக்கா பத்தாண்டு கழித்துக் கற்றதை நாம் முதல் நாளே செய்ய வேண்டும். எந்த வேலை தகுதி உடையது என்று ஒரே பக்கத்தில், தமிழில், திட்டம் தொடங்கும் நாளிலேயே அச்சிட வேண்டும். எந்த வங்கியில் வாங்கிய கடனானாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் மார்ச் மாதம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளர், இவர் இந்த ஆண்டு முழுதும் இந்தப் பணியில் இருந்தார் என்று கையெழுத்திட்டு, ஒரு நகலை வக்கீலிடமும் ஒரு நகலை வங்கிக் கிளையிலும் கொடுக்க வேண்டும். வங்கி அந்த ஆண்டின் பன்னிரண்டு தவணைகளையும் எண்ணிக் கணக்குப் புத்தகத்தில் எழுதித் தர வேண்டும். பத்தாவது மார்ச்சில் புதிதாக எந்த மனுவும் கேட்கக் கூடாது.